எண்ணெய்க் கத்தரிக்காய் வந்த வழி

வெளிமாநிலங்களில் வாழும் தமிழர் இல்லங்களில் விருந்தினர் அமர்ந்து உண்ணும்பொழுது, சில பண்டங்களைப் பற்றி எவரும் கேள்வி எழுப்புவதில்லை. இட்டிலியையும் இரசத்தையும் கண்டவர் அவற்றைத் தமிழருடையவை என்று ஏற்றுக்கொண்டு மகிழ்ச்சியுடன் உண்பர். ஆனால், காம்போடு கூடிய சிறு கத்தரிக்காய்கள் மசாலை நிறைந்து, எண்ணெய் மினுங்க இலைக்கு வந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகின்றது. “இது எங்கள் பரலி வாங்கி அல்லவா?” என்பார் மராத்திய நண்பர். “குத்தி வங்காய கூர!” என்று குதூகலிப்பார் ஆந்திரர். “பர்வான் பைங்கன்” என்பார் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொருவர் குரலிலும் மகிழ்ச்சியோடு சிறிது உரிமையும் கலந்திருக்கும்.

தில்லியில் எம் இல்லத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இவ்வாறே நிகழ்ந்தது. விருந்தினர் சென்ற பின்னர், பத்து வயது மகள் எம்மிடம் வந்து, “அப்பா, இது உண்மையில் யாருடைய கறி?” என்று கேட்டாள். நாம் மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்து வருகின்றோம். ஒரு மொழிச் சொல்லுக்கு மற்றொரு மொழியில் ஈடு கூறுவதே எம் தொழில். ஆயினும் அச்சிறுமியின் கேள்விக்கு உடனே விடை கூற எம்மால் இயலவில்லை. அதற்குக் காரணம் எம் ஆயாவின் ஊர். வடார்க்காட்டு வழக்கப்படி பாட்டியை நாம் ஆயா என்றே அழைப்போம்.

ஆயா பிறந்த ஊர் பாலசமுத்திரம். ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்தில், தமிழ்நாட்டின் பள்ளிப்பட்டை அடுத்து அவ்வூர் உள்ளது. சமுத்திரம் என்பது இங்கே கடலைக் குறிப்பதன்று. பெரிய ஏரியைச் சமுத்திரம் என்று சிறப்பித்து, அவ்வேரியின் பெயரையே ஊருக்கும் இடுவது தென்னாட்டு வழக்கம். ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் உள்ள அந்நிலப்பரப்பில் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைகின்றன. கிணற்றடியில் சில பாத்தி கத்தரியும் இருக்கும். அங்கே தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து பேசிக்கொள்ளும். ஆயா வாழ்க்கைப்பட்ட ஊரோ பள்ளிப்பட்டுப் பக்கம். இரண்டு ஊர்களுக்கும் இடையே மாட்டு வண்டியில் ஒரு பொழுதில் போய்வரும் தொலைவுதான். ஆனால், அத்தொலைவிற்குள் வரலாறு ஒரு கோட்டை இட்டுவிட்டது.

அக்கோட்டின் வரலாற்றைச் சுருங்கக் கூறுவோம். 1911-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் மாவட்டம் தனியே அமைக்கப்பட்டது. அதுவரையில் சித்தூர் நகரமே வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராய் இருந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபொழுது, சித்தூர் மாவட்டம் முழுவதும் அதனுடன் சேர்ந்தது. ம. பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியும், அதனையொட்டி எழுந்த பேச்சுகளும் நேயர்களில் மூத்தோர் அறிந்தவையே. இறுதியில் படாஸ்கர் அளித்த தீர்ப்பின் வழியே 1959-இல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறி, 1960-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்திற்குத் திரும்பின. சத்தியவேட்டுப் பகுதி ஆந்திரத்திற்குச் சென்றது. பாலசமுத்திரம் ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமான பின்னரும் அது சித்தூர் மாவட்டத்திலேயே இருந்து வருகின்றது.

இவ்வாறு, ஓர் அங்குலமும் நகராமல் ஆயாவின் பிறந்தகம் வெளிமாநிலமாயிற்று. நம்மில் பலர் பிழைப்பை நாடி ஊரைவிட்டு வந்து வெளிமாநிலத் தமிழர் ஆனோம். அவருடைய உடன்பிறந்தாரோ வீட்டிலிருந்தபடியே வெளிமாநிலத் தமிழர் ஆயினர். பிள்ளைகள் படித்த பள்ளியின் மொழி மாறிற்று. பட்டாவின் மொழி மாறிற்று. அடுப்பங்கரை மட்டும் மாறவில்லை. பிறந்தகத்தில் அண்டை வீட்டார் குத்தி வங்காய என்று அழைத்த கறியை ஆயா புகுந்தகத்தில் எண்ணெய்க் கத்தரிக்காய் என்று அழைத்தார். “அங்கே வேர்க்கடலை கொஞ்சம் கூட, இங்கே தனியா கொஞ்சம் கூட. கத்தரிக்காய் ஒண்ணுதானேப்பா” என்பார். அக்கூற்று எந்த அளவிற்கு மெய் என்பதை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் காயைப் பார்ப்போம். கத்தரி நம் நாட்டில் தொன்மையாய்ப் பயிராகி வருவது என்பதில் அறிஞர்களிடையே ஐயமில்லை. அதன் காட்டு உறவான முட்செடிகள் இன்றும் இந்தியாவில் தாமே முளைத்து வளர்கின்றன. அரியானாவில் ஃபர்மானா என்னும் சிந்துவெளி நாகரிக ஊரில் அகழ்ந்தெடுத்த பழங்கலங்களில், நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் சமைத்த உணவின் மாவுச்சத்துத் துகள்கள் ஒட்டியிருந்தன. நுண்ணோக்காடியில் நோக்கிய ஆய்வாளர், இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றுடன் கத்தரியின் சுவட்டையும் கண்டனர். அம்முடிவுகள் 2010-இல் வெளியாயின. இன்று தில்லியிலிருந்து பேருந்தில் சில மணி நேரத்தில் சென்றடையக்கூடிய இடத்தில், அந்நாளில் எவரோ ஒருவர் கத்தரிக்காயை மஞ்சளிட்டு வேகவைத்துள்ளார்.

தமிழில் இதற்குப் பழைய பெயர் வழுதுணை. ஔவையார் பெயரால் வழங்கும் தனிப்பாடலொன்றில், புல்வேளூர்ப் பூதன் என்பான் இட்ட எளிய விருந்தில் வரகுச் சோற்றுக்குத் துணையாய் நின்றது இவ்வழுதுணங்காயே. மலையாளத்தார் இன்றும் வழுதன என்றே கூறுகின்றனர். கன்னடத்தில் அது பதனெ, தெலுங்கில் வங்காய. தெலுங்கிலும் இக்காய்க்கு இலக்கியப் பெருமை உண்டு. அதனைச் சீதைக்கு நிகராக வைத்துப் பேசும் வேடிக்கைச் செய்யுளொன்று நாட்டில் வழங்குகின்றது. பசவராஜு அப்பாராவ் (1894–1933) இயற்றிய புகழ்பெற்ற பாட்டு, தன் பாவாவுக்காகக் குத்தி வங்காய சமைத்து வைத்த ஒரு பெண்ணின் பேச்சாகவே அமைந்துள்ளது. நாம் அத்தான், மச்சான் என்று அழைக்கும் உறவையே அவர்கள் பாவா என்கின்றனர்.

இக்காய் உலகைச் சுற்றிய கதை, பெயர் மாற்றங்களின் கதையே ஆகும். வடமொழியில் வார்த்தாகம், விருந்தாகம், வாதிங்கணம் என்னும் பெயர்கள் உள்ளன. வாதிங்கணம் பாரசீகத்தில் பாதிங்கான் ஆயிற்று. அரபியில் பாதிஞ்சான் ஆயிற்று. பத்தாம் நூற்றாண்டில் பாக்தாதில் எழுந்த சமையல் நூலில் கத்தரிக்காய்ப் பண்டங்கள் பல இடம்பெற்றுவிட்டன. அரபியர் அதனை ஸ்பெயின் நாட்டிற்குக் கொண்டு சென்றனர். அங்கே அவர்கள் மொழியின் ‘அல்’ என்னும் முன்னொட்டுடன் கற்றலான் மொழியில் புகுந்து, பிரெஞ்சில் ஓபர்ழீன் ஆயிற்று. போர்த்துக்கீசியர் நாவில் அது பெரிஞ்செலா. அவர்கள் கப்பலேறி நம் கரைக்கு வந்தபொழுது, அச்சொல்லும் உடன் வந்து இறங்கிற்று. அதிலிருந்து பிறந்ததே இந்திய ஆங்கிலத்தின் பிரிஞ்சால். பிறந்த நாட்டிலிருந்து புறப்பட்ட பெயர், பல நூற்றாண்டுகள் கழித்து, வேற்றுடை தரித்துப் பிறந்த நாட்டிற்கே திரும்பியது எவ்வளவு விந்தை! மேற்கிந்தியத் தீவுகளில் அப்பெயர் ‘பிரவுன் ஜாலி’ என்றும் சிதைந்தது. 1845 முதல் ஒப்பந்தக் கூலிகளாய்த் திரினிடாடுக்குச் சென்ற போஜ்புரி மக்களின் வழித்தோன்றல்களோ, இன்றும் தம் மூதாதையர் சொல்லான பைகன் என்பதையே வழங்குகின்றனர். ஊரை இழந்தவர் காயின் பெயரை இழக்கவில்லை.

காயைப் பிளந்து உள்ளே மசாலையை அடைக்கும் முறைக்கு வருவோம். இதற்கு நம் தக்காணத்திலேயே பழைமையான எழுத்துச் சான்று உண்டு. கல்யாணியிலிருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன், 1130-ஆம் ஆண்டையொட்டி மானசோல்லாசம் என்னும் வடமொழிப் பெருநூலை இயற்றினான். அரசன் அறிய வேண்டிய கலைகள் அனைத்தையும் தொகுத்துக் கூறும் அந்நூலில், சமையலுக்கும் விரிவான இடமுண்டு. கத்தரிக்காயின் காம்பருகே துளையிட்டு, விதைகளை நீக்கி, மசாலை சேர்த்த கொத்திறைச்சியை உள்ளே நிரப்பி எண்ணெயில் வேகவைக்கும் பண்டம் ஒன்று அங்கே சொல்லப்பட்டுள்ளது. காம்பை நீக்காமல் உள்ளே நிரப்பும் எண்ணம் எண்ணூற்றுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்நிலத்தில் இருந்தது என்பது இதனால் தெளிவாகின்றது. 1508-இல் மூன்றாம் மங்கரசன் கன்னடத்தில் எழுதிய சூபசாத்திரம் என்னும் பாக நூலோ, கத்தரிக்காய்ச் சமையலுக்கென்றே ஒரு தனி இயலை ஒதுக்கியுள்ளது.

இதைக் கொண்டு, உலகிற்கே நாம்தான் கற்றுக்கொடுத்தோம் என்று மார்தட்டுதல் ஆகாது. மேற்காசியாவிலும் துருக்கியிலும் காயைக் குடைந்து நிரப்பும் கலை செழித்து வளர்ந்துள்ளது. உள்ளே மென்மையும் வெளியே உறுதியும் கொண்ட ஒரு காய் கைக்குக் கிடைத்தால், எந்த நாட்டுச் சமையற்காரருக்கும் அவ்வெண்ணம் தோன்றக்கூடியதே. சாளுக்கிய அரண்மனையின் இறைச்சி நிரப்பியதும், ஆயாவின் பருப்பும் கடலையும் நிரப்பியதும் ஒன்றல்ல. ஆயினும் உறவுடையவை.

இனி, உள்ளே நிரப்பும் பொருள்களை ஒவ்வொன்றாக நோக்கினால் நாம் எதிர்பாராத உண்மை வெளிப்படும். காரத்தை எடுத்துக்கொள்வோம். பண்டைத் தமிழில் கறி என்ற சொல்லே மிளகைக் குறித்தது. பாலசமுத்திரத்தார் பிள்ளைகளுக்கு முடியிறக்கச் செல்லும் திருமலையில், கோவில் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழிலேயே அமைந்தவை. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் விசயநகர மன்னரும் அவர்தம் அதிகாரிகளும் ஏற்படுத்திய அமுதுபடிகளுக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு நெய், இவ்வளவு தயிர், இவ்வளவு மிளகு, இவ்வளவு கறியமுது என்று அவை அளவு கூறுகின்றன. காரத்திற்கு அங்கே பேசப்படுவது மிளகே. மிளகாய் அந்நாளில் இவ்வூர்ப் பொருளன்று. அது தென்னமெரிக்க, நடு அமெரிக்க நிலங்களில் பிறந்தது. 1498-இல் வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பின்னர், போர்த்துக்கீசியர் வாயிலாகப் பதினாறாம் நூற்றாண்டில் மேற்குக் கரையில் இறங்கி, மெல்ல உள்நாட்டிற்குள் பரவிற்று. புதிய காய்க்குத் தமிழர் புதுப்பெயர் தேடி அலையவில்லை. மிளகைப் போல் உறைப்பதால் மிளகு காய், அதாவது மிளகாய் என்று கூறிவிட்டனர்.

வேர்க்கடலையும் அவ்வாறே. அதன் தாயகம் தென்னமெரிக்கா. வட ஆர்க்காடு, தென்னார்க்காடு மாவட்டங்களில் அதனை மல்லாட்டை என்பர். மணிலாக்கொட்டை என்பதன் மருவு அது. பிலிப்பைன் தீவுகளின் தலைநகர் மணிலாவின் பெயர், நம் உழவர் நாவில் இவ்வாறு தங்கியுள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டில் விளைந்த வேர்க்கடலை, புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சு நாட்டு மார்செயில் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சவுக்காரத் தொழிலுக்கும் கப்பலேறிற்று. அவ்வாணிகத்தின் ஊக்கத்தால் வேர்க்கடலைப் பயிர் பரவிற்று. இருபதாம் நூற்றாண்டில் சித்தூர், அனந்தபூர் மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் அதுவே தலைமைப் பயிராயிற்று. எனவே, குத்தி வங்காயின் உயிர் என்று கருதப்படும் வேர்க்கடலை, ஆயாவின் கொள்ளுப்பாட்டி காலத்தில் அரிதாய்க் கிடைத்த புதுப்பொருளாகவே இருந்திருக்கும்.

புளியை நம்மதென்று எண்ணுகின்றோம். அரபியரும் அதனை இந்தியப் பேரீச்சை என்ற பொருளில் தமர் ஹிந்தி என்றே அழைத்தனர். ஆனால், அம்மரத்தின் முதல் தாயகம் ஆப்பிரிக்கா என்பர் பயிர்நூலார். மிகப் பழங்காலத்திலேயே வந்து வேரூன்றிவிட்டதால், அது வந்தேறி என்பதை அரபியரும் மறந்தனர், நாமும் மறந்தோம். கொத்துமல்லி மேற்காசியா, நடுநிலக்கடற் பகுதிகளிலிருந்து வந்தது. இக்கறியில் இம்மண்ணின் பழங்குடிகள் என்று கூறத்தக்கவை கத்தரி, மஞ்சள், எள், கறிவேப்பிலை முதலிய சிலவே. எள்ளின் நெய்யே எண்ணெய் என்பதை நினைவுகூர்ந்தால், எண்ணெய்க் கத்தரிக்காய் என்னும் பெயரில் அப்பழங்குடிகள் இரண்டும் கைகோத்து நிற்பதைக் காணலாம்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். ஆதலால் ஆயா சமைத்த முறையைக் கூறுகின்றோம். எவரும் வீட்டில் செய்து பார்க்கலாம். விரல் நீளத்திற்கு மேற்படாத, உருண்டையான இளங்கத்தரிக்காய் பத்து வேண்டும்; நிறை முந்நூறு கிராமிற்குச் சற்று மேல் இருக்கலாம். காம்பின் குல்லாய் பசுமையாகவும், தோல் மினுமினுப்பாகவும் இருத்தல் நலம். முற்றிய காயில் விதை கடினமாகிக் கசப்பேறிவிடும். காம்பை நுனியில் மட்டும் நறுக்கி, காயின் அடிப்பக்கத்திலிருந்து கூட்டற் குறிபோல் நான்காகக் கீறவேண்டும். கத்தி காம்பைத் தொடும் முன்பே நின்றுவிட வேண்டும். கீறிய காயை உடனே உப்பு நீரில் இடவேண்டும். வெட்டுவாயில் காற்றுப் பட்டால் காயிலுள்ள துவர்ப்புப் பொருள் கறுத்துவிடும். நீர் அக்காற்றைத் தடுக்கின்றது. தெலுங்கில் குத்தி என்பதற்குக் கொத்து என்று பொருள். நான்கு பிரிவும் ஒரே காம்பில் கொத்தாய் நிற்பதை அப்பெயர் நன்கு காட்டுகின்றது.

அடுத்து மசாலை. கொத்துமல்லி விதை ஒன்றரை மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு ஒரு மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் ஆறு, வேர்க்கடலை இரண்டு மேசைக்கரண்டி, எள் ஒரு மேசைக்கரண்டி, கொப்பரைத் துருவல் இரண்டு மேசைக்கரண்டி ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துக்கொள்ளவேண்டும். ஒவ்வொன்றும் சிவக்கும் நேரம் வேறாதலால், சேர்த்து வறுத்தால் எள் கருகும், பருப்பு வேகாது. இவற்றுடன் நெல்லிக்காயளவு புளி, மஞ்சள்தூள், உப்பு, சிறிது வெல்லம் சேர்த்துக் கொரகொரப்பாய் அரைக்கவேண்டும். ஆயாவிற்கு அம்மிதான். மின் அரைவை இயந்திரத்தில் அரைப்போர் இடையிடையே நிறுத்தி அரைத்தால் மாவாகாமல் இருக்கும். நீரை வடித்த காய்களில் மசாலையை அழுத்தி நிரப்பி, எஞ்சியதைத் தனியே வைக்கவேண்டும்.

வாயகன்ற வாணலியில் நல்லெண்ணெய் ஐந்து மேசைக்கரண்டி ஊற்றிக் காயவிட்டு, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, காய்களை ஒரே அடுக்காய்ப் பரப்பி மூடவேண்டும். தீ சிறிதாகவே இருக்கட்டும். இருபது, இருபத்தைந்து நிமிடத்திற்குள் நான்கைந்து முறை காம்பைப் பிடித்து மெல்லத் திருப்பினால் போதும், கரண்டியால் கிளறக்கூடாது. கத்தரியின் சதை கடற்பஞ்சு போன்றது. அதன் நுண்ணறைகளில் காற்று நிறைந்திருப்பதால் முதலில் எண்ணெயையெல்லாம் குடித்துவிடும். அதைக் கண்டு மேலும் எண்ணெய் ஊற்றுவது புதியவர் செய்யும் தவறு. வெந்து அறைகள் சுருங்கும்பொழுது, குடித்த எண்ணெயில் ஒரு பகுதியைக் காயே வெளியிடும். எண்ணெய் பிரிந்து வருதல் என்று நம் வீட்டுப் பெரியோர் கூறும் பக்குவம் இதுவே. பிறகு எஞ்சிய மசாலையைச் சிறிது நீரில் கரைத்து ஊற்றி ஒரு கொதி விட்டு இறக்கலாம். புளி இங்கே சுவைக்கு மட்டும் உதவுவதன்று. புளிப்பு, காயின் உயிரணுச் சுவர்கள் விரைவில் கரையாமல் காக்கின்றது. அதனாலேயே காய் வெந்தும் குலையாமல் காம்பில் நிற்கின்றது.

இம்முறையை எழுதி வைத்துக்கொள்ளாமல் நாம் தில்லிக்கு வந்தோம். இங்கே முதலில் கைக்குக் கிடைத்தவை, சுட்டு மசித்து பர்த்தா செய்வதற்கு ஏற்ற பெருங்கத்தரிகள். அவற்றைக் கீறி நிரப்பியபொழுது, தோல் ஒருபுறமும் சதை ஒருபுறமுமாய்ப் பிரிந்து கூழாயிற்று. ஊரில் ஆயா மறைந்து ஓராண்டு ஆகியிருந்தது. கேட்டறிய ஆளில்லை. இனி அக்கறி நம் வீட்டில் இல்லை என்றே முடிவு செய்துவிட்டோம். அக்காலத்தில் மாடி வீட்டிலிருந்த மராத்திய அம்மையார் ஒரு நாள் கிண்ணமொன்றை மூடிக் கொண்டுவந்து தந்தார். திறந்து பார்த்தால் பரலி வாங்கி! மசாலையின் மணம் வேறு. வெல்லம் சற்று மிகுதி. ஆனால் காய் நான்காய்க் கீறப்பட்டுக் காம்பில் நின்றது. அவரைக் கேட்டே, ஐ.என்.ஏ. சந்தையில் சிறு கத்தரிக்காய் விற்கும் கடையையும், சிறுதீயில் மூடிவைக்கும் நேரத்தையும் மீண்டும் அறிந்துகொண்டோம். ஆயாவின் கைப்பக்குவத்தை எமக்குத் திருப்பித் தந்தவர், தமிழ் ஒரு சொல்லும் அறியாதவர்.

அன்று முதல் எண்ணிப் பார்க்கின்றோம். வடகன்னடத்தார் இதனை எண்ணெகாயி என்கின்றனர்; நம் பெயரும் அவர் பெயரும் ஒரே பொருளுடையவை. குசராத்தியர் சிறு கத்தரிக்காயை ரவையா என்று கூறி, அதே முறையில் நிரப்புகின்றனர். ஐதராபாத்தின் பகாரா பைங்கனில் வேர்க்கடலையும் எள்ளும் கொப்பரையும் புளியும் ஒன்றுசேர்கின்றன. மாதுங்காவிலோ, கல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கமோ, கரோல்பாகிலோ வாழும் தமிழர், அண்டை வீட்டு அடுப்பங்கரையை எட்டிப் பார்த்தால் தம் கறியின் உடன்பிறப்பு ஒன்றை அங்கே காண்பது உறுதி.

இவற்றையெல்லாம் கூறுவதால் ஊருக்கு ஊர் உள்ள தனிச்சிறப்பு பொய்யாகிவிடாது. வேலூர்ப் பகுதியின் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிட்டியது. உடுப்பிப் பக்கத்து மட்டுக் குள்ளாவுக்கு அதற்கு முன்பே அப்பெருமை வாய்த்தது. மரபணு மாற்றிய கத்தரிக்கு 2010-ஆம் ஆண்டு பிப்ரவரியில் மத்திய அரசு தடை நிறுத்தம் விதித்தபொழுது எடுத்துக்காட்டப்பட்ட காரணங்களுள் ஒன்று, இந்நாடு கத்தரி வகைகளின் களஞ்சியம் என்பது. ஒவ்வொரு ஊரும் தன் காயைக் காப்பது கடமையே. காய் ஓர் ஊரினதாக இருக்கலாம். கறியோ பல ஊர்களின் கைகளால் ஆனது.

மகளின் கேள்விக்கு நாம் கூறிய விடை இதுதான்: “கத்தரிக்காய் இந்நாட்டிலேயே பிறந்து உலகமெல்லாம் சுற்றியது. மிளகாயும் வேர்க்கடலையும் கடல் கடந்து வந்து நம் வீட்டிலேயே தங்கிவிட்டன. உன் கொள்ளுப்பாட்டி இதை ஓர் ஊரில் பார்த்துப் பழகி, இன்னோர் ஊரில் சமைத்தார். அப்புறம் நடுவிலே எல்லை வந்தது. ஆகவே இது எண்ணெய்க் கத்தரிக்காயும் ஆகும், குத்தி வங்காயவும் ஆகும்.” அவள் சற்று யோசித்து, “அப்படியானால் தில்லியில் நான் சமைத்தாலும் அது நம்முடையதுதானா?” என்றாள். ஆம் என்றோம்.

வெளிமாநிலங்களில் வாழும் நம்மிடையே ஓர் அச்சம் உண்டு. ஊரின் காய் கிடைக்கவில்லை, ஊரின் எண்ணெய் கிடைக்கவில்லை, இனி நம் சமையல் நம்முடையதாக நிற்குமா என்பதே அது. எண்ணெய்க் கத்தரிக்காயின் வரலாறு அவ்வச்சத்திற்கு இடமளிக்கவில்லை. இடம் பெயர்ந்த பொருள்களைக் கொண்டு, இடம் பெயர்ந்த மக்கள் ஆக்கிய கறி அது. நாம் அஞ்சவேண்டியது வேறொன்று உண்டு. செய்முறையைக் கேட்டு வைத்துக்கொள்ளாமல், பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டால், ஊரிலேயே இருந்தாலும் அது மறைந்துவிடும். எம் இல்லத்தில் அது மயிரிழையில் தப்பியது.

ஆகவே, நேயர்கள் வரும் விடுமுறை நாளில் சிறு கத்தரிக்காய் பத்து வாங்கி, பிள்ளைகளை அருகில் அமர்த்திக்கொண்டு சமைத்துப் பார்க்க வேண்டுகின்றோம். கீறும் வேலையைச் சற்று வளர்ந்த பிள்ளையிடம் விடலாம். காம்பு வரையில் கத்தி போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அண்டை வீட்டாருக்கு ஒரு கிண்ணம் அனுப்புங்கள். அவர் அதற்கு வேறு பெயர் கூறினால் மறுக்காதீர்கள். அப்பெயரையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.